விலாசங்கள் வீடு மாறும்போது

ஒரு குடும்பத்தின் சொத்து யாது என்று வினவினால், காணி பூமி, நகை நட்டு, பிள்ளைகளின் படிப்பு என்று அடுக்கிக்கொண்டே போவோம். விலாசப் புத்தகத்தை அந்த வரிசையிற் சேர்ப்பார் எவருமிலர். ஆயினும் நம் நாட்டுத் தமிழ்க் குடும்பங்களின் இன்றைய நிலையை நோக்குமிடத்து, அதனினும் பெறுமதி வாய்ந்த சொத்து அதிகமில்லை எனலாம். ஒரு தாய் வயிற்றிற் பிறந்த நால்வரில் ஒருவர் கொழும்பிலும், ஒருவர் லண்டனிலும், ஒருவர் டொரொன்டோவிலும், ஒருவர் சூரிச்சிலும் வாழ்வது நம்மிடையே அதிசயமன்று. கலியாணத்துக்கு அழைப்பதாயினும், மரணத்தை அறிவிப்பதாயினும், வெறுமனே சுகம் விசாரிப்பதாயினும் இவர்களை ஒரு கூரையின் கீழ்க் கொண்டுவருவன சில தொலைபேசி இலக்கங்களும் மின்னஞ்சல் விலாசங்களுமேயன்றி வேறில்லை.

முற்காலத்தில் இந்த விலாசங்கள் அலுமாரியிலோ சுவாமி அறையிலோ வைத்த ஒரு கொப்பியில் இருந்தன. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவிற் புறப்பட நேர்ந்தபோது, காணி உறுதிகளோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் அந்தக் கொப்பியையும் பையிலிட்டுக்கொண்டோர் பலர். அதற்கு எவருக்கும் போதனை தேவைப்படவில்லை. கையில் எடுத்தாற் போதும். இன்று அதே விலாசங்கள் கணினிக்குள்ளும் கைத்தொலைபேசிக்குள்ளும் குடிபுகுந்துவிட்டன. அவற்றை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எவ்வாறு கொண்டுபோவது என்பதை நம்முள் அறிந்தோர் சிலரே.

இயந்திரங்களோ ஓரிடத்தில் நிலைத்து நிற்பனவல்ல. ஒரு காலத்தில் வீடுதோறும் இருந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்னும் மின்னஞ்சல் நிரல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்தது. 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியதும் அதுவும் கதியற்றுப் போயிற்று. அதன்பின் பலர் கைக்கொண்ட விண்டோஸ் லைவ் மெயிலுக்கு 2017 ஜனவரியில் முடிவு வந்தது. விண்டோஸ் 10 உடன் கிடைத்த மெயில், பீப்பிள் என்ற இரண்டும் 2024 டிசெம்பர் 31 உடன் ஓய்ந்தன. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 இல் நின்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் நான்கு முறை! வாடகை வீட்டில் இருப்போர்கூட இத்துணை விரைவாகப் பெட்டி கட்டுவதில்லை.

திருகோணமலையிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதமே இவ்வாரம் இவ்விஷயத்தை எடுத்துக்கொள்ளத் தூண்டிற்று. அவருடைய கணவர் அரசாங்க உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியவர். தம்மோடு படித்து இன்று பல தேசங்களில் வாழும் நண்பர்களுக்கு ஞாயிறுதோறும் கணினியில் மின்னஞ்சல் எழுதுவது அவர் வழக்கம். அவர் காலமான பின்னர் பிள்ளைகள் தாயாருக்குப் புதிய கைத்தொலைபேசி வாங்கிக் கொடுத்தனர். பழைய கணினியைத் துடைத்துப் புதிதாக்கித் தரும்படி ஒரு கடையில் ஒப்படைத்தனர். நண்பர்களின் விலாசங்கள் புதிய தொலைபேசிக்கு வந்து சேரவில்லை. அவர்களுள் ஒருவர் அந்தியேட்டி கழிந்த பின்னரே, அதுவும் பிறர் வாயிலாகச் செய்தி கேள்வியுற்று, "எனக்கு ஏன் அறிவிக்கவில்லை?" என்று கேட்டாராம். "என் கணவர் ஒரு பெயரின் முதலெழுத்தைத் தட்டினால் முழு விலாசமும் தானே வந்து நிற்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவ்வளவும் எங்கே போயின?" என்பது அச்சகோதரியின் கேள்வி.

கேள்வி மிக நியாயமானது. அதற்கு விடை பலருக்கு வியப்பூட்டும். அவ்வாறு தானே வந்து நிற்கும் விலாசம் விலாசப் புத்தகத்தில் இருப்பதாகக் கொள்ளலாகாது. நாம் எவருக்கு முன்னர் எழுதினோமோ அவரை நிரல் ஞாபகத்தில் வைத்திருந்து குறிப்புக் காட்டுகிறது, அவ்வளவே. மைக்ரோசொப்டின் அவுட்லுக் இந்தப் பட்டியலைத் தொடர்புப் புத்தகத்துக்குப் புறம்பாகவே வைத்துக்கொள்ளும். கூகிள் நிறுவனத்தாரின் ஜீமெயிலிலும், நாம் எழுதியோர் பெயர்கள் 'ஏனைய தொடர்புகள்' என்ற தனிப் பகுதியிற் சேருமேயன்றி முதற் பட்டியலிற் சேர்வதில்லை. ஆகையால் விலாசப் புத்தகத்தை மாத்திரம் எடுத்துச் செல்வோர் இவற்றைப் பின்னே விட்டுச் செல்கின்றனர். இவ்வாறு விடுபடுவோர் பெரும்பாலும் நாம் அடிக்கடி எழுதும் நெருங்கியவர்களே. அடிக்கடி எழுதுவதால் அவர்களைப் புத்தகத்திற் பதியவேண்டிய தேவை நமக்குத் தோன்றுவதேயில்லை!

அச்சகோதரிக்கு ஒரு வழி இன்னும் உண்டு. கணவருடைய கடிதங்கள் அந்தக் கணினியில் மட்டுமன்றி மின்னஞ்சல் சேவை நிறுவனத்தின் கணக்கிலும் இருக்குமாயின், அனுப்பிய கடிதங்களின் தலைப்பில் ஒவ்வொரு விலாசமும் பொறிக்கப்பட்டிருக்கும். கணக்கைத் திறத்தல் இயலாவிடினும் பாதகமில்லை. நண்பர்கள் பலருக்கு ஒரே கடிதத்தை அவர் அனுப்பியிருப்பின், அவர்களுள் ஒருவரைக் கண்டுபிடித்தாற் போதும். அவரிடமுள்ள ஒரு பழைய கடிதத்தைத் திறந்தால் ஏனையோர் விலாசங்கள் அதன் மேற்புறத்தில் வரிசையாக நிற்கும். பிந்திச் செய்தி கேட்டு மனம் வருந்திய அந்த நண்பரையே இவ்வுதவிக்கு நாடலாம்.

இனி, விலாசங்களை முறைப்படி இடம் மாற்றும் விதத்தைப் பார்ப்போம். 'போனில் இருக்கிறது' என்று நாம் பொதுவாகக் கூறும் ஓர் இலக்கம் சிம் அட்டையில் இருக்கலாம். தொலைபேசியின் சொந்த நினைவகத்தில் இருக்கலாம். அல்லது கூகிள், அப்பிள் போன்ற நிறுவனத்தில் நாம் வைத்திருக்கும் கணக்கில் இருக்கலாம். திரையிற் பார்க்கும்போது மூன்றும் ஒன்றாகவே தோன்றும். புதிய தொலைபேசியில் அதே கணக்கைத் திறந்தவுடன் கணக்கில் உள்ளவை தாமே வந்துவிடும். மற்றவை பழையதிலேயே நின்றுவிடும். 'பாதிப் பேரைக் காணவில்லை' என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சிம் அட்டையோ இடவசதி குறைந்த சிற்றறை: பொதுவாக 250 பேர் வரை கொள்ளும், பெயரும் இலக்கமும் தவிர வீட்டு விலாசத்துக்கோ பிறந்த நாளுக்கோ அங்கே இடமில்லை. தமிழிற் பெயரெழுதினால் எழுத்துகளின் தொகை இன்னும் சுருங்கும்.

ஆதலால் எல்லாவற்றையும் ஒரு கோப்பாக வெளியே எடுப்பதே உத்தமமான முறை. இதனை ஏற்றுமதி என்றும், மறுபுறத்தில் உள்ளே கொண்டுவருவதை இறக்குமதி என்றும் கூறுவர்; துறைமுகம் உள்ள நாட்டவர்க்கு இச்சொற்களை விளக்கவேண்டியதில்லை. சரக்கை எந்தப் பெட்டியில் அடைப்பது என்பதே கேள்வி. வழக்கிலுள்ள பெட்டிகள் இரண்டு. ஒன்று வீகார்ட், ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதி அடுக்கியதை ஒக்கும். மற்றையது சீஎஸ்வீ, ஒருவருக்கு ஒரு வரியாக, காற்புள்ளி இட்டுப் பிரித்த அட்டவணை.

வீகார்ட் தோன்றிய வரலாறு சுவையானது. அப்பிள், ஏரி அன்ட் ரி, ஐபிஎம், சீமென்ஸ் ஆகிய நிறுவனங்கள், வியாபாரத்தில் வேறுபட்டவையாயினும், 1990 களின் நடுப்பகுதியில் ஒன்றுகூடி இதனை வகுத்தன. 1998 இல் மூன்றாம் பதிப்பும் 2011 இல் நான்காம் பதிப்பும் இணையத்தின் பொது நியமங்களாயின. இன்று ஐபோனும் அன்ட்ரோயிட் தொலைபேசியும் ஜீமெயிலும் தண்டர்பேர்டும் இதனை வாசிக்கும். நிரல் மறைந்தாலும் அட்டை நிற்கும் என்பதே இதன் சிறப்பு. ஸ்ரீவ் டோர்னர் என்பார் 1988 இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் யூடோரா என்ற மின்னஞ்சல் நிரலை ஆக்கினார். தபாற் கந்தோரிற் குடியிருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிக் கதை எழுதிய யூடோரா வெல்ற்றி என்ற எழுத்தாளரை நினைந்து இட்ட பெயர் அது. எத்தனையோ பேர் அதனை நேசித்தனர். ஆயினும் 2006 இல் அதன் உரிமையாளர்கள் அதனைக் கைவிட்டனர். 2018 முதல் அதன் மூல நிரல் அமெரிக்காவிலுள்ள கணினி வரலாற்று நூதனசாலையில் இருக்கிறது. நிரல் நூதனசாலைக்குப் போகலாம். நம் மைத்துனரின் விலாசம் அங்கே போகவேண்டியதில்லையன்றோ!

சீஎஸ்வீ கோப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். பலர் ஆவல் மிகுதியால் அதனை எக்செலில் திறந்து பார்த்து, ஏதோ ஓர் எழுத்தைத் திருத்தி, அப்படியே சேமித்துவிடுவர். எக்செலுக்குத் தொலைபேசி இலக்கமும் கணக்கிலக்கமும் ஒன்றே. 077 என்று தொடங்கும் இலக்கத்தின் முன்னுள்ள பூச்சியம் பயனற்றதென்று அது நீக்கிவிடும். வெளிநாட்டு இலக்கங்களின் முன்னுள்ள சகக் குறியையும் கூட்டற் குறியென்று கருதி எடுத்துவிடும். இதனினும் கொடியது ஒன்றுண்டு. பிரித்தானியாவின் கைத்தொலைபேசி இலக்கம் 44 என்ற நாட்டுக் குறியோடு பன்னிரண்டு தானங்கள் கொண்டது. இடைவெளியின்றி எழுதப்பட்டிருந்தால் எக்செல் அதனைப் பெருந்தொகையென்று கருதிச் சுருக்கிக் காட்டும். அந்நிலையிற் சேமித்தால் கடைசி இலக்கங்கள் அழிந்தே போகும். பின்னர் எந்த வித்தகராலும் மீட்க முடியாது. லண்டனிலுள்ள உறவினர் அனைவரையும் ஒரே விரலசைவில் இழத்தற்கு இதனினும் எளிய வழி இல்லை. மூலக் கோப்பைத் தொடாது வைத்து, அதன் பிரதியையே திறத்தல் வேண்டும்.

தமிழிற் பெயர் பதிந்து வைத்தோர்க்கு மற்றுமொரு சிக்கல். மாற்றிய பின் பெயர்கள் விகாரமாய்த் தோன்றுமாயின் உடனே மனமுடைந்து எல்லாவற்றையும் அழித்துவிடலாகாது. விகாரத்தின் வகையை நோக்குக. சமக்குறிகளும் ரோம எழுத்துகளும் எண்களுமாக நீண்ட வரிசை காணப்படின் அச்சமில்லை. பழைய வீகார்ட் கோப்பு தமிழெழுத்தை அவ்வாறுதான் மூட்டை கட்டும். 'கமலா' என்ற சிறு பெயர் 36 குறிகளாக நீளும். தக்க நிரல் அதனை அவிழ்த்துக் கமலாவைத் திரும்பத் தரும். ஐரோப்பிய எழுத்துகள் தலையிற் குறிகளோடு குழம்பி நிற்பின், கோப்பு பழுதுபடவில்லை, வாசித்த முறையே தவறு. யூடிஎஃப்-8 என்ற முறையைத் தெரிந்து மீண்டும் திறந்தாற் சரியாகும். வெறுங் கேள்விக்குறிகளே வரிசையாக நின்றாலோ அந்தக் கோப்பிற் பெயர் இல்லை. பழைய இயந்திரம் இன்னும் கையில் இருந்தால் வேறு முறையிற் புதிதாக ஏற்றுமதி செய்வதே வழி. இதன்பொருட்டே, புதியதிற் பெயர்களைச் சரிபார்த்து முடியும் வரை பழையதைத் துடைக்கவோ விற்கவோ கூடாது என்று வற்புறுத்துகிறேன்.

இயந்திரத்தாற் தீராத ஒரு குழப்பத்தையும் இங்கு கூறவேண்டும். என் எண்ணத்தில் இதுவே பெரிது. நம்மவர் தொலைபேசியில் மனிதரைப் பெயரால் எழுதுவதில்லை, உறவால் எழுதுகின்றனர். 'மாமி', 'பெரியப்பா', 'தம்பி புதிய நம்பர்', 'கோண்டாவில் அக்கா' என்றே பட்டியல் செல்கிறது. மூத்தோரைப் பெயர் சொல்லி எழுத மனம் கூசுவது நல்ல பண்பே. ஆயின் உறவுமுறை என்பது நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறுவது. தாயாருக்குத் தம்பியானவர் மகனுக்கு மாமா. தாயாருக்கு மாமியானவர் மகனுக்குப் பாட்டி. தாயாரின் பட்டியலை மகனின் தொலைபேசிக்கு மாற்றினால் அங்கே இரண்டு 'அம்மா'வும் மூன்று 'மாமி'யும் நிற்பர். இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கும் வசதியை அந்நேரத்தில் அவன் அழுத்துவானாயின், ஒரு மாமியின் இலக்கத்தில் மற்றொரு மாமி கலந்துவிடுவார். தாயார் இருக்கும்போது கேட்டறியலாம். இல்லாதபோது 'சின்ன மாமி' யாரென்று யாரிடம் கேட்பது?

ஆகவே உறவுமுறையை விட்டுவிடாது, அதன் பின்னே பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதுக: 'மாமி, பரமேஸ்வரி, நல்லூர்' என்றாற்போல. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று மேல்நாட்டு முறையில் இரு கட்டங்கள் இருக்கும். தந்தை பெயரை எந்தக் கட்டத்தில் இடுவதென்று ஒரு முறையை வரித்துக்கொண்டு எல்லோருக்கும் அதனையே கைக்கொள்ளல் நன்று. இன்றேல் ஐபோன் போன்றவை குடும்பப்பெயர்க் கட்டத்தைக்கொண்டு வரிசைப்படுத்தும்போது, பாதிப் பேர் தம் பெயரிலும் பாதிப் பேர் தந்தையார் பெயரிலும் ஒளிந்துகொள்வர்.

ஒத்திசைவு என்ற வசதி இருக்க இத்தனை பாடு எதற்கென்று இளைஞர் வினவலாம். தொலைபேசியிற் பதிந்தது கணக்கிலும், கணக்கிற் பதிந்தது மற்றைய கருவிகளிலும் தானே தோன்றுவது மெய்யாகவே சௌகரியந்தான். ஆனால் அது முகம் பார்க்கும் கண்ணாடி; பெட்டகமன்று. பேரப்பிள்ளை விளையாட்டாக ஒரு பெயரைத் தொலைபேசியில் அழித்தால் எல்லாக் கருவிகளிலும் அது அழியும். கூகிள் கணக்கில் முப்பது நாட்களுக்குள் பழைய நிலைக்குத் திருப்ப வசதியுண்டு. முப்பத்தோராம் நாள் நினைவு வந்தாற் பயனில்லை. ஆண்டுக்கொரு முறையாயினும் வீகார்ட் கோப்பொன்றை எடுத்துக் கருவிக்கு வெளியே வைத்தல் வேண்டும்.

இடம் மாற்றியபின் சோதிப்பது கடினமன்று. இரு புறத்துத் தொகைகளையும் ஒப்பிடுக. தமிழிற் பெயருள்ள ஒருவரையும், வெளிநாட்டு இலக்கமுள்ள ஒருவரையும், இரண்டு இலக்கங்கள் உள்ள ஒருவரையும், வீட்டு விலாசத்தோடு பதிந்த ஒருவரையும் திறந்து பாருங்கள். இந்நால்வரும் பழுதின்றி வந்திருப்பின் ஏனையோரும் வந்திருப்பர் என்று பெரும்பாலும் நம்பலாம். நிழற்படங்களும், 'கோயிற் சபை', 'பழைய மாணவிகள்' என்று தொகுத்த குழுக்களும் வழியில் உதிர்வதுண்டு. குழுக்களைத் தனியே ஒரு தாளில் எழுதிவைத்தால் பின்னர் அமைத்துக்கொள்ளலாம்.

கோப்பை இலவசமாக மாற்றித் தருவோம் என்று விளம்பரம் செய்யும் இணையதளங்களை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அக்கோப்பில் இருப்பவை நம் விபரங்களல்ல. நம்மை நம்பித் தந்த நூற்றுக்கணக்கான பிறரின் இலக்கங்கள். தனியே வாழும் ஒரு விதவைப் பெண்ணின் இலக்கமும், திருமணப் பேச்சு நடக்கும் ஒரு வீட்டின் விலாசமும் அதில் இருக்கக்கூடும். பெயரறியாதவர் கையில் அவற்றைக் கொடுப்பதற்கு நமக்கு என்ன உரிமை? பழுது பார்க்கும் கடைக்குத் தொலைபேசியைக் கொடுக்கும்போதும் இதனை நினைவிற் கொள்க.

இன்னொன்றையும் குடும்பத் தலைவர்கள் கூச்சமின்றிச் செய்யவேண்டும். இரண்டாண்டுகள் எவராலும் திறக்கப்படாத தனிப்பட்ட கணக்குகளை 2023 டிசெம்பர் முதல் கூகிள் நீக்கி வருகிறது. அவற்றோடு விலாசங்களும் போகும். கணக்கு நீண்டகாலம் அசைவற்றிருந்தால் யாருக்கு அறிவிப்பது, அவருக்கு எவற்றைத் தருவது என்று முன்கூட்டியே குறித்துவைக்கும் ஏற்பாட்டை அந்நிறுவனம் 2013 முதல் வைத்திருக்கிறது. அப்பிள் நிறுவனமும் 2021 முதல் இத்தகைய ஏற்பாட்டைத் தந்துள்ளது. மனைவியின் பெயரையோ மகளின் பெயரையோ அதில் எழுதிவைக்கப் பத்து நிமிடம் போதும். அபசகுனம் என்று சிலர் தயங்குவர். ஆயுட் காப்புறுதி எழுதும்போது அவர்கள் அவ்வாறு தயங்கக் காணோம்.

இவ்வளவும் செய்தபின் முக்கியமான ஐம்பது அறுபது பேரையாவது தாளில் அச்சிட்டு, பழைய கொப்பி இருந்த அதே இடத்தில் வையுங்கள். மின்சாரம் இல்லாத இரவிலும் அது வாசிக்கப்படும். ஓரத்தில் அகன்ற வெற்றிடம் விடுதல் நலம். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் வாடகை வீடு மாறும்போதும், தொலைபேசிச் சேவையை மாற்றும்போதும் திருத்தவேண்டியிருக்கும்; அத்திருத்தங்களுக்குப் பேனாவினும் பென்சிலே ஏற்றது.